குழந்தைக்கு ஆபரேஷனா? சயானை விட்டால் பரேல்தான்!

குளிப்பாட்டும்போதுதான் தாய் கவனிக்கிறார். குழந்தையின் தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். அழுதால் பெரிதாகிறது. தூங்கினால் மறைந்துவிடுகிறது. "மே மாதம் ஊருக்குப் போகும்போது பாளையங்கோட்டையில் காட்டிக்கொள்ளலாம்" என்கிறார் தகப்பனார். தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் சகஜமான பேச்சு இது.

இதற்குப் பெயர் குடலிறக்கம். தொப்புளில் வரும் வீக்கம் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். தொடை இடுக்கில் வருவது அப்படி அல்ல. மருந்துக்கும் அடங்காது, கட்டுக்கும் அடங்காது. ஆபரேஷன்தான் வழி. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆபத்து அதிகம். இறங்கிய குடல் மேலே போகாமல் சிக்கிக்கொண்டால் வீக்கம் கல் போல ஆகிவிடும். குழந்தை ஓயாமல் அழும்; வாந்தி எடுக்கும். ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். தாதரில் ரெயில் ஏறினால் நெல்லை போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகிறதே!

மயக்க மருந்து

ஆபரேஷன் பெரியது அல்ல. மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் குழந்தை பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கஷ்டமெல்லாம் மயக்க மருந்தில்தான். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு மருந்தின் அளவு வேறு. மூச்சுக்குழாயில் வைக்கும் டியூபின் அளவு வேறு. உடம்பு சில்லிட்டுப் போகாமலும் பார்க்க வேண்டும். இதில் பழகிய டாக்டரும் நர்சும் தேவை. அடிக்கடி செய்தால்தான் பழக்கம் நிற்கும். பழக்கம் விட்டுப்போன ஆஸ்பத்திரி, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடும். சீட்டு எழுத எழுத அங்கே குழந்தைகள் வருவது குறையும். மிச்சமிருந்த பழக்கமும் போய்விடும்.

இது மும்பைக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. இங்கிலாந்திலும் சிறு நகர ஆஸ்பத்திரிகள் பல இப்படித்தான் குழந்தை ஆபரேஷனைக் கைவிட்டன. பெருநகர ஆஸ்பத்திரிகளில் கூட்டம் சேர்ந்தது. பிறகு, பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே குறிப்பிட்ட நாளில் சிறிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்யும் ஏற்பாடு பல இடங்களில் வந்தது.

சயான்

தாராவிக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், சயான் ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரத்தில் இருப்பது. 1947-ல் ராணுவக் கொட்டகைகளில் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டசின் முயற்சியால் தொடங்கியதும் இங்கேதான். ஆனால் விபத்து, தீக்காயம், குறைமாதக் குழந்தை என்று எல்லாமே சயானுக்கு வருகிறது. அவசரக் கேஸ் வந்தால் குடலிறக்கக் குழந்தைக்குத் தேதி தள்ளிப்போகும். செம்பூரிலிருந்து வரும் தாய்க்கு அதனால் இன்னொரு நாள் கூலி போகும்.

அடுத்த இடம் பரேல். மில் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் 1929-ல் வாடியா குடும்பத்தார் ஏற்படுத்திய குழந்தைகள் ஆஸ்பத்திரி. மாநகராட்சியும் மாநில அரசும் மானியம் தருகின்றன. மானியப் பாக்கி பற்றிய தகராறு முற்றி, 2020 ஜனவரியில் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதே நின்றுபோனது! தாய்மார் வாசலில் திரண்டனர். வழக்கு மும்பை ஐகோர்ட்டுக்குப் போனது. சிலை வைக்கப் பணம் இருக்கிறது, பொதுமக்கள் ஆரோக்கியத்துக்கு இல்லையா என்று நீதிபதிகள் கண்டித்தனர். பணமும் அசைந்தது. பரேலில் கதவு மூடினால் அந்தக் குழந்தைகளும் சயான் வரிசையில்தான் வந்து நிற்க வேண்டும்.

குர்லாவிலோ கோவண்டியிலோ உள்ள மாநகராட்சி ஆஸ்பத்திரியில், வாரம் ஒரு நாள் குழந்தைகளுக்கு என்று ஆபரேஷன் தியேட்டரை ஒதுக்கலாம். சயான் டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் அன்று அங்கே வந்தால் போதும். உள்ளூர் நர்சுக்கும் பழக்கம் விட்டுப்போகாது. புதுக் கட்டடம் கேட்கிற காரியம் இல்லை இது. வாரத்தில் எந்த நாள், எந்த டாக்டர் என்று மாநகராட்சி ஒரு அட்டவணை போட வேண்டும்.