ஒரே வீட்டில் குடியேறினால் எஸ்.டி.ஆர் குறையுமா? பதிவுத் திருமணம் செய்தால்?

இப்படி ஒரு ஜோடியை நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் பிறை தொழிற்பேட்டையில் வேலை. கல்யாணம் பேசி முடித்தாயிற்று. "ரெண்டு ரூமுக்கு வாடகை எதுக்கு, ஒரே வீட்டுக்குப் போயிடலாமே" என்று பேச்சு வருகிறது. கூடவே ஒரு சந்தேகமும்: "அப்போ நம்ம எஸ்.டி.ஆர் என்ன ஆகும்?"

இணையத்தில் தேடினால் பயமாகத்தான் இருக்கும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கல்யாணம் ஆகாவிட்டாலும், தம்பதிபோலச் சேர்ந்து வாழ்ந்தாலே இருவர் வருமானத்தையும் சேர்த்துத்தான் உதவித்தொகையைக் கணக்கிடுவார்கள். மலேசியாவில் நிலைமை வேறு.

இங்கே எதைப் பார்க்கிறார்கள்?

2023 முதல் வழங்கப்படும் ரஹ்மா ரொக்க உதவி, அதாவது எஸ்.டி.ஆர், உங்கள் திருமண நிலையைப் பார்க்கிறது. 21 முதல் 59 வயதுக்குள் இருக்கும் திருமணமாகாதவர், மாதம் 2,500 ரிங்கிட் வரை சம்பாதித்தால் 'புஜாங்' பிரிவில் வருவார். திருமணமானவர் குடும்பப் பிரிவுக்குப் போவார். அங்கே கணவன், மனைவி இருவரின் வருமானமும் சேர்த்து 5,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது.

ஆக, வீடு மாறினால் மட்டும் பிரிவு மாறாது. பதிவுத் திருமணம் ஆனால் மாறும். பதிவு முடித்துவிட்டு, கோவில் கல்யாணம் வரை அவரவர் அம்மா வீட்டிலேயே இருந்தாலும் நீங்கள் தம்பதிதான்.

எவ்வளவு குறையும்?

2024ஆம் ஆண்டு விகிதத்தில் பார்ப்போம். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட். தனித்தனியாக இருந்தால் ஆளுக்கு 500, மொத்தம் 1,000 ரிங்கிட் கிடைத்திருக்கும். பதிவு செய்தால் கூட்டு வருமானம் 3,000. பிள்ளை இல்லாத அந்த வருமானப் பிரிவுக்கு 500 ரிங்கிட்தான். வருடத்துக்கு 500 ரிங்கிட் போகிறது.

எல்லாருக்கும் குறையும் என்று இல்லை. ஒருவர் மட்டும் 2,000 ரிங்கிட் சம்பாதித்து, மற்றவருக்கு வருமானமே இல்லை என்றால், அதே விகிதத்தில் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட். ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் 1,500.

அப்போ ரெஜிஸ்டர் பண்ணாமலே இருந்துடலாமா?

அவசரப்படாதீர்கள். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோவிலில் தாலி கட்டியது குடும்பத்துக்குப் போதும். அரசாங்கத்துக்குச் சான்றிதழ் வேண்டும்.

தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வேலையிடத்தில் உயிர் போகும் விபத்து நேர்ந்தால், சொக்சோவின் சார்ந்தோர் உதவித்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு கணவனுக்கோ மனைவிக்கோ போகும்; ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. அதைக் கோரும்போது திருமணச் சான்றிதழ் தேவை. 'சேர்ந்து வாழ்ந்தோம்' என்று சொல்லி அந்த இடத்தை நிரப்ப முடியாது. வருடத்துக்கு 500 ரிங்கிட் மிச்சப்படுத்தப் போய், மாதாமாதம் வரவேண்டிய பணத்தை இழக்கும் நிலை வரலாம்.

என்ன செய்யலாம்?

பதிவு முடிந்ததும் மைஎஸ்.டி.ஆர் தளத்திலோ, அருகிலுள்ள உள்நாட்டு வருமான வாரிய அலுவலகத்திலோ திருமண நிலை, துணையின் மைகாட் எண், வருமானம் ஆகியவற்றைப் புதுப்பியுங்கள். தொகை மாறக்கூடியது என்பதால் அந்தந்த ஆண்டு விகிதத்தையும் அங்கேயே பாருங்கள்.

பதிவுக்கு இன்னும் நாள் இருக்கிறதா? இ.பி.எஃப் கணக்கில் நீங்கள் யாரை வாரிசாக நியமித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் அங்கே திருமணத்துக்கு முன்பே துணையின் பெயரைக் கொடுக்கலாம். முதல் வேலையில் சேர்ந்தபோது எழுதிய பெயரே இன்னும் அப்படியே இருக்கலாம்.