மல்லாட்டை வேரில் முடிச்சு இருக்கிறதா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி செங்கம் சாலையில் போனால், கிரிவலப் பாதையின் சந்தடி அடங்கி வயல்காடுகள் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் நிலக்கடலை அதிகம் விளையும் மாவட்டங்களில் இதுவும் ஒன்று. இங்குள்ளவர்களுக்கு அது மல்லாட்டை. ஆடிப்பட்டத்தில் மழையை மட்டுமே நம்பி விதைக்கும் விவசாயிக்கு, மண்ணுக்குள் சம்பளம் வாங்காத வேலைக்காரன் ஒருவன் உண்டு. ரைசோபியம் என்ற பாக்டீரியா. வேரில் முடிச்சு போட்டுக் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிறது.

இந்த வேலைக்காரனுக்குத்தான் புதிதாக ஒரு சிக்கல் வரலாம். நானோ யூரியா 2021-ல் உர ஆணைக்குள் வந்தது. அதில் உலோகம் இல்லை, அதனால் அது வேறு கதை. நானோ துத்தநாகம், நானோ தாமிரம் ஆகியவற்றுக்கு 2024-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. இலையில் தெளிப்பதுதானே என்று தோன்றும். ஆனால் இலையில் விழாத துளி மண்ணுக்குத்தான் போகும். சன்ஸ்கிரீன் கிரீமிலும் பெயின்ட்டிலும் உள்ள துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களும் கழிவுநீரோடு போய், சாக்கடைக் கசடு எருவாகும் இடங்களில் வயலுக்கு வந்து சேர்கின்றன.

பயிருக்குத் துத்தநாகம் தேவைதான். ஹெக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் போடச் சொல்வது பழைய பழக்கம். சிக்கல் துகளின் அளவில் இருக்கிறது. பாக்டீரியா ஏறக்குறைய 1,000 நானோமீட்டர் நீளம் என்றால், இந்தத் துகள் 100-க்கும் கீழே. பாக்டீரியாவின் மேலுறையில் ஒட்டிக்கொண்டு உலோக அயனியைக் கசியவிடும். சுவரை அரிக்கும் ஆக்சிஜன் வகைகளையும் உண்டாக்கும்.

2012-ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோயாவைத் தொட்டியில் வளர்த்துப் பார்த்தார்கள். துத்தநாக ஆக்சைடு கலந்த மண்ணில் செடி நன்றாகவே வளர்ந்தது. ஆனால் துத்தநாகம் இலையிலும் விதையிலும் சேர்ந்திருந்தது. டீசலில் சேர்க்கப்படும் சீரியம் ஆக்சைடை அதிகம் கலந்த மண்ணில், முடிச்சுகள் நைட்ரஜன் பிடிப்பது ஏறக்குறைய நின்றே போனது. தாமிர ஆக்சைடு துகள்கள் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கொல்வதும், துத்தநாக ஆக்சைடு அதன் பெருக்கத்தை முடக்குவதும் ஆய்வகத்தில் தெரிந்த விஷயங்கள்.

இதற்காகப் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆய்வகத்தில் கலக்கும் அளவு வயலில் சேர்வதைவிடப் பல மடங்கு அதிகம். மக்கிய எருவும் களிமண்ணும் துகள்களைப் பிடித்து வைத்து வேகத்தைக் குறைத்துவிடும். கவலையெல்லாம் எருவே காணாத மானாவாரி மண்ணைப் பற்றித்தான். அங்கே அந்தத் தடுப்பு குறைவு. நானோ வேளாண் பொருள்களைச் சோதிக்க மத்திய அரசு 2020-ல் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது நல்ல விஷயம். ஆனால் ஒரு பருவத்துச் சோதனை போதாது. வருடா வருடம் தெளித்தால் மண்ணில் என்ன சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

விவசாயி செய்யக்கூடிய சோதனை சுலபம். விதைத்த 40-ம் நாள் வாக்கில், ஈரம் இருக்கும்போது இரண்டு செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து வேரை அலசுங்கள். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த பட்டத்தில் விதையை ரைசோபியம் கலந்த அரிசிக் கஞ்சியில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். பூஞ்சாணக்கொல்லியில் விதை நேர்த்தி செய்திருந்தால் ஒரு நாள் கழித்துத்தான் இதைச் செய்ய வேண்டும்; இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்தால் பாக்கெட்டில் வந்த பாக்டீரியா வயலுக்குப் போகும் முன்பே செத்துவிடும்.