"சிப்பாய் சொன்னது பொய் இல்லை!" 30 ஆண்டு மர்ம நோய்க்குத் துப்பு கொடுத்தது ரத்தம்

ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள். ஊர் திரும்பியதும் ஒருவர் கல்லுக்குண்டு மாதிரி நடமாடுகிறார். இன்னொருவர் படுத்த படுக்கை. இது எப்படி?

அமெரிக்க டாக்டர்களை 30 ஆண்டுகளாகத் திணறடித்த கேள்வி இது. அதுபற்றிய விவரம் வருமாறு:-

1991-ம் ஆண்டு ஈராக்கிடமிருந்து குவைத்தை மீட்க வளைகுடாப் போர் நடந்தது. அமெரிக்கா ஏறத்தாழ 7 லட்சம் பேரை அனுப்பியது. தரைப்போர் நாலே நாளில் முடிந்தது. வெற்றி விழாவும் நடந்தது.

அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பம். ஓயாத களைப்பு, உடம்பு வலி, தலைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. தெரிந்தவர் பெயர்கூட சட்டென்று வாயில் வராது. ஆஸ்பத்திரியில் சோதித்தால் கோளாறு எதுவும் தெரியாது. "எல்லாம் மனசுதான் காரணம்" என்று பலரைத் திருப்பி அனுப்பி விட்டார்கள்.

வெடித்தது விஷம்

போர் முடிந்த கையோடு, 1991 மார்ச்சில், காமிசியா என்ற இடத்தில் ஈராக் ஆயுதக் கிடங்கை அமெரிக்கப் படையே வெடிவைத்துத் தகர்த்தது. உள்ளே 'சாரின்' என்ற நரம்பு விஷம் அடைத்த ராக்கெட்டுகள் இருந்தன! இதை ராணுவ இலாகா ஒப்புக்கொண்டது 1996-ல்தான்.

2008-ல் அரசு அமைத்த ஆய்வுக்குழு, "இது நிஜமான நோய்தான். நாலு பேரில் ஒருவருக்காவது இருக்கிறது" என்று அறிக்கை கொடுத்தது. அப்படியும் 2011 முதல் 2015 வரை உதவித்தொகை கேட்டு வந்த மனுக்களில் 100-க்கு 80-க்கு மேல் தள்ளுபடி!

ரத்தம் பேசியது

டல்லாஸ் நகர டாக்டர் ராபர்ட் ஹேலி விடவில்லை. நோயுள்ள 508 பேர், நோயில்லாத 508 பேர் ஆகியோரின் ரத்தத்தை அவரது குழு சோதித்தது. 2022-ல் முடிவு வெளியானது.

நம் உடம்பில் சாரினை முறிக்கும் ஒரு பொருள் சுரக்கிறது. அதைச் சுரக்க வைக்கும் மரபணுவில் 'க்யூ', 'ஆர்' என்று இரண்டு ரகம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வரும். 'க்யூ' ரகம் சாரினை நன்றாக முறிக்கும். 'ஆர்' ரகம் சோப்ளாங்கி!

போர்க்களத்தில் விஷவாயு அபாய மணி கேட்டவர்களில், இரண்டும் 'க்யூ' உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு கூடியிருந்தது. இரண்டும் 'ஆர்' என்றால் சுமார் 9 மடங்கு!

"மணி கேட்டது என்று பல வருஷம் கழித்து இவர்களாகச் சொன்னதுதானே?" என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் தன் ரத்தத்தில் எந்த ரகம் ஓடுகிறது என்று எந்தச் சிப்பாய்க்குத் தெரியும்? பிறவியிலேயே வந்த மரபணு பொய் சொல்லாதே!

நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் கிடைத்தபாடில்லை. அன்று 20 வயதில் போன பையன்கள் இன்று 50-ஐத் தாண்டி விட்டார்கள். ஆனாலும், "சும்மா நடிக்கிறான்" என்று இனி யாரும் அவர்களைப் பார்த்துச் சொல்லி விட முடியாது.