கழற்றிப் பார்த்த கைகள்
கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். உணவு விடுதியில் பணியாற்றிச் சேர்த்த பணத்தில் அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் உறுப்பு உறுப்பாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். (எந்தப் பெற்றோர் பொறுப்பர்!) எந்த உறுப்பு எதனை இயக்குகிறது என்பதை அக்கைகள் அன்றே கற்றன. பின்னாளில் அவர் படைத்த ‘ரேசண்ட்’ சவரக்கருவி உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டாரைக் கொண்டது. மண்ணெண்ணெய் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவு எந்திரம் ஆகியனவும் அவர் ஆக்கங்களே.

இன்றைய கைப்பேசிகள் பலவும் பசையிட்டு மூடப்பட்டே வருகின்றன. திருகாணியைத் தேடினும் கிட்டாது. ஆதலின், மாணவ நண்பர்களே, பரணில் பழைய வானொலிப் பெட்டி கிடக்குமாயின், அதனைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டா.