கையில் நாலு காசு இருக்கட்டும்

நம் வீடுகளில் காசு என்பது செலவுக்கு மட்டும் உரிய பொருளன்று. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறோம். சித்திரைக் கனித் தட்டில் பழங்களோடு நாணயத்துக்கும் இடமுண்டு. மொய் எழுதும்போது நூறோடு ஒன்று சேர்த்து நூற்றொன்றாகத் தருகிறோம். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் பெண்மணி, முதல் போணிப் பணத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்ட பிறகே சுருக்குப் பையில் இடுகிறார்.

இன்று அவருடைய கூடையிலும் கைபேசியால் பணம் செலுத்தும் அட்டை தொங்குகிறது. 2016-ஆம் ஆண்டு அறிமுகமான யுபிஐ முறை தெருவோரக் கடை வரை வந்துவிட்டது. நெடுங்காலம் வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் இதை நான் வரவேற்கிறேன். சில்லறைத் தகராறு இல்லை. கள்ள நோட்டு அச்சம் இல்லை. கணக்கும் தானே பதிவாகிவிடுகிறது. ஆயினும், முதியோர் ரொக்கத்தை அடியோடு கைவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பதே என் விடை.

கேட்டுப் பெறும் நிலை

ஓய்வூதியம் தம் பெயரில்தான் வரவாகிறது. ஆனால் கைபேசியும் கடவு எண்ணும் பிள்ளைகளிடம் இருக்கின்றன. அர்ச்சனைத் தட்டு வாங்கவும் அவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் மறுப்பதில்லை, எனினும் கேட்கும் அந்தக் கணத்தில் பெரியவர்களின் உள்ளம் சற்றே குறுகிவிடுகிறது. பேரன் காலில் விழுந்து வணங்கும்போது, ஆசியோடு அவன் கையில் வைக்க ஒரு பத்து ரூபாயாவது நம்மிடம் இருக்க வேண்டாமா?

சிறு வியாபாரிகளுக்கும் ரொக்கம் இன்றியமையாதது. அவர்களுள் பலர் விடியலில் கடன் பெற்று மொத்தச் சந்தையில் பூவும் காயும் வாங்கி, மாலைக்குள் விற்றுத் தண்டல்காரருக்குத் தவணை தருகின்றனர். நாம் கொடுக்கும் இருபது ரூபாய், அன்று இரவுக்குள் அவர்கள் வீட்டில் பாலாகவும் அரிசியாகவும் மாறிவிடும்.

உண்டியல் எண்ணிக்கையின்போது மஞ்சள் துணி முடிச்சுகளை அவிழ்ப்பதுண்டு. சிலவற்றில், 2011 ஜூன் 30 முதல் செல்லாமற்போன இருபத்தைந்து காசு நாணயமும் கிடக்கும். வங்கி அதை ஏற்க இயலாது. வேண்டுதல் மட்டும் செல்லாததாவதில்லை. செல்லுபடியாகும் நாணயங்களோ வங்கி வழியே மீண்டும் கடைவீதிக்குச் சென்று, சில்லறையாக நம் கைக்கே திரும்பக்கூடும்.

மறைத்த பணம்

செல்வம் என்ற சொல்லிலேயே செல்லுதல் அடங்கியிருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டன. அவற்றைக் கணக்கில் செலுத்த டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. அஞ்சறைப் பெட்டியிலும் புடவை மடிப்பிலும் சிறுவாடு சேர்த்த தாய்மார்கள் சிலர், நாள் கடந்த பின்னரே அதை வெளியில் எடுத்தனர். வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் வெறும் காகிதமாயிற்று. அவர்கள் சேமித்தது குற்றமன்று. ஒருவருக்கும் தெரியாமல் வைத்ததே இழப்பாயிற்று.

சில நடைமுறைகள்

ஒரு மாதச் சிறு செலவுக்கும், நள்ளிரவில் மருத்துவமனை செல்ல நேர்ந்தால் ஆகும் அவசரத் தேவைக்கும் போதிய ரொக்கத்தை 10, 20, 50, 100 ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள். மிகுதி வங்கியில் இருக்கட்டும். கணக்கில் வாரிசு நியமனம் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து ரூபாய் நாணயம் எந்த வடிவமைப்பில் இருந்தாலும் செல்லும். ஐம்பது காசும் செல்லும். 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்ட 2000 ரூபாய்த் தாள் பெட்டியடியில் அகப்பட்டால் கலங்க வேண்டாம். சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்தை அணுகலாம். கிழிந்த தாள்களை வங்கிக் கிளைகளில் மாற்றிக்கொள்ளலாம்.

லட்சுமி பூஜையில் ரூபாய்த் தாள்மீது மஞ்சள் குங்குமம் தடவுவதையும் எழுதுவதையும் தவிர்ப்போம். நாணயத்துக்குப் பொட்டிட்டால் துடைத்துவிடலாம். தாளின் கறை போகாது. தாள்களை மாலையாகக் கட்ட வேண்டாம் என்றும் ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டுள்ளது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் இருக்கும் இடத்தைத் துணைவரிடமோ பிள்ளைகளுள் ஒருவரிடமோ இன்றே சொல்லி வையுங்கள். கையில் உள்ள காசு நமக்குத் தன்மதிப்பைத் தரும். அதன் இருப்பிடம் வீட்டாருக்குத் தெரிந்திருந்தால், நமக்குப் பின்னும் அது பயன்படும்.