தட்டுக்கழிக்குப் பக்கத்தில் மிருதங்கம்

பாரிவாக்கம் போன்ற சென்னைப் புறநகர்களில் பரதநாட்டிய வகுப்பு என்றால் பெரும்பாலும் ஒரு வீட்டு ஹால் அல்லது மொட்டை மாடி. இசை, டீச்சரின் வாயும் தட்டுக்கழியும்தான். வர்ணம், பதம் என்று வந்துவிட்டால் ப்ளூடூத் ஸ்பீக்கர். அரங்கேற்றத் தேதி குறித்த பிறகே மிருதங்கக்காரர் வருகிறார். சிக்கலும் அவரோடு வருகிறது.

பாலே வகுப்பில் இப்படியில்லை. ஆசிரியர் அசைவைச் செய்துகாட்டி எண்ணிக்கை சொல்வார். பியானோ வாசிப்பவர் அந்தக் குரலிலிருந்தே வேகத்தைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் கையை நம்பிப் பாடம் நடத்தும் பழக்கம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளோ டீச்சரின் கையை மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள். பிள்ளை களைத்தால் கழி கொஞ்சம் இரங்கும். தீர்மானம் வந்தால் கொஞ்சம் ஓடும். மூன்றாம் காலத்தில் கால்தான் நான்கு மடங்கு போக வேண்டும், தாளம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கழியோ தாளத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். மிருதங்கம் வந்ததும் குட்டு உடைகிறது. பழி மட்டும் பாவம், வாசிப்பவர் மேல்!

"கொஞ்சம் ஸ்லோவா வாசிங்க சார்" என்பதால் பயனில்லை. எந்த வேகம் வேண்டுமோ அதில் தாளம் போட்டு, ஜதியை ஒருமுறை முழுதாகச் சொல்லிக்காட்டுங்கள். அவரும் வாயால் திருப்பிச் சொல்லட்டும். கோர்வை எங்கே முடிகிறது, பாட்டின் எடுப்பு எங்கே என்பது அங்கேயே தெளிந்துவிடும். அபிநயத்தில் எங்கே வாசிப்பை அடக்க வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடலாம். திருத்தம் இருந்தால் பிள்ளைகள் எதிரில் வேண்டாம்.

மிருதங்கக்காரர் உட்காரும் இடமும் முக்கியம். சின்னமேளம் எனப்பட்ட அந்தக்கால நாட்டியக் குழுக்களில் வாத்தியக்காரர்கள் ஆடுபவருக்குப் பின்னால் நின்று, கூடவே நகர்ந்து வாசித்தார்கள். மிருதங்கம் இடுப்பில் கட்டியிருக்கும். பாதம் கண்ணெதிரே இருந்தது. அவர்களை மேடையின் பக்கவாட்டில் உட்கார வைத்த பெருமையைப் பொதுவாகக் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவிக்குத் தருவார்கள். மேடைக்கு அது அழகு. வகுப்பிலோ, பாதம் கண்ணில் படாதபடி பிளக் பாயின்ட் இருக்கும் மூலையில் மிருதங்கக்காரரைத் தள்ளிவிடுகிறோம்.

1962-இல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் பரதக் கலைஞர் பாலசரஸ்வதி ஆடியபோது மிருதங்கம் தம்பி ரங்கநாதன், புல்லாங்குழல் இன்னொரு தம்பி விஸ்வநாதன். ஒரே வீட்டு லயம். அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அரங்கேற்றத்துக்கு ஓராண்டு முன்பிருந்தே மாதம் ஒருநாள் மிருதங்கக்காரரை அடவு வகுப்புக்கு அழைக்கலாம். செலவைப் பெற்றோர்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஒத்திகைக்கும் தனிச் சம்பளம் உண்டு என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.