பாட்டுக்குக் கால் ஓடும்... தெரியுமா?

பேண்ட் வாசித்தால் சைக்கிள் வேகமெடுக்கும்! நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் இதை அளந்தே பார்த்துவிட்டார், தெரியுமா? நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அப்போது ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடந்து வந்தது. லெனார்ட் ஐயர்ஸ் என்ற அமெரிக்கர், பேண்ட் வாசிக்கும் நேரத்தில் வீரர்களின் வேகம் எவ்வளவு, வாசிக்காத நேரத்தில் எவ்வளவு என்று கணக்கெடுத்தார். பேண்ட் இல்லாதபோது மணிக்குச் சுமார் 28.8 கி.மீ. பேண்ட் ஒலித்தபோது 31.5! அதே ஆட்கள், அதே சைக்கிள்கள், அதே வட்டப்பாதை. 1911-ல் இது அச்சில் வந்தது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடலாம் என்று யாரும் கனவுகூடக் கண்டிராத காலம் அது!

எத்தியோப்பிய ஓட்ட வீரர் ஹைலே கெப்ரசெலாசி 1998-ல் பர்மிங்ஹாம் உள்ளரங்கில் 2000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தபோது, அரங்கத்து ஒலிபெருக்கியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? 'ஸ்கேட்மேன்' என்ற துள்ளல் பாட்டு! தானாக ஒலித்ததல்ல, அவரே கேட்டு வாங்கியது. அதன் தாளம் தன் காலடிக்குச் சரியாகப் பொருந்துகிறது என்பதுதான் காரணம்.

பொருந்துவதுதான் விஷயம்! 2012-ல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றிலும் தேர்ந்த 11 டிரையத்லான் வீரர்களை டிரெட்மில்லில் ஏற்றி, இனி முடியாது என்று நிற்கும்வரை ஓடவிட்டார்கள். பாட்டே இல்லாமல் ஒரு முறை, உற்சாகமூட்டும் பாட்டோடு ஒரு முறை, உற்சாகமும் இல்லை சோர்வும் இல்லை என்ற சாதாரணப் பாட்டோடு ஒரு முறை. காலடியைத் தாளத்தோடு சேர்த்து வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உற்சாகப் பாட்டோடு ஓடியபோது, பாட்டே இல்லாததைவிட 18.1 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். சாதாரணப் பாட்டுக்கு? 19.7 சதவீதம்! உடம்பு செலவழித்த ஆக்சிஜனும் கொஞ்சம் குறைந்தது. வரிகள் என்ன சொல்கின்றன என்பதைவிடத் தாளம் காலுக்கு ஒத்துப்போகிறதா என்பதே பெரிது என்று இதிலிருந்து எனக்குப் படுகிறது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில் வியப்பே இருக்காது! வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள், கருட சேவை. வரதராஜப் பெருமாள் கருடன்மேல் ஏறி வீதிக்கு வருகிறார். வாகனத்தின் தண்டைத் தோளில் சுமப்பவர்கள் ஸ்ரீபாதம் தாங்கிகள். சுவாமி புறப்பாட்டுக்கென்றே நாகஸ்வரத்தில் மல்லாரி என்றொரு உருப்படி உண்டு, தெரியுமா? பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில் இருக்கும். அதற்குச் சாகித்தியமே கிடையாது, ஒரு சொல்கூட இல்லை! முழுக்க முழுக்க ஸ்வரமும் தாளமும்தான். ஒரே மல்லாரியை மூன்று காலங்களில், அதாவது மூன்று வேகங்களில், வாசிப்பார்கள். தவில் அடியெடுத்துக் கொடுக்க, கனத்த வாகனம் நகர்கிறது. டிரெட்மில் ஆய்வகத்துக்குப் பல தலைமுறைகள் முன்பே இங்கே சொல்லில்லாத தாளத்தில் கால்கள் சேர்ந்து நடந்திருக்கின்றன!

இன்னொரு வியப்பு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில், ஓடிக்கொண்டிருப்பவர்களின் காதில் ஒலித்த பாட்டின் வேகத்தைத் துளித்துளியாக மாற்றிப் பார்த்தார்கள். தாளத்தோடு காலை வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் வரை மாற்றினால், கால்கள் தாமாகவே தாளத்தின் பின்னால் போய்விட்டன! அதற்கு மேல் மாற்றினால் கால் கேட்பதில்லை. அதனால், காஞ்சிபுரம் பக்கத்துத் தென்னேரி ஏரிக்கரையில் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் தம்பிகளே, முதலில் பாட்டைத் தேடாதீர்கள். ஒரு நிமிடத்தில் உங்கள் கால் எத்தனை அடி வைக்கிறது என்று எண்ணுங்கள். 160 என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 160 தட்டு விழும் பாட்டும் சேரும், இரண்டடிக்கு ஒரு தட்டாக 80 விழுவதும் சேரும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டிய உங்களுக்கு, இந்தக் கணக்கு பயிற்சியில் கட்டாயம் கைகொடுக்கும்.

தேர்வு நாளில் காதில் எதுவும் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்! பாட்டோடு சில நாள், பாட்டில்லாமல் சில நாள் என்று ஓடிப் பழகுவதே நல்லது. பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 139 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசல் 2020-ல் வந்தது. பாட்டு மனநிலையை உயர்த்துகிறது, களைப்பின் உணர்வைக் குறைக்கிறது, செயல்திறனையும் கூட்டுகிறது. இதயத் துடிப்பை மட்டும் அது குறிப்பிடும்படி மாற்றவில்லை! முழுமூச்சாக ஓடும் கட்டத்தில் உடம்பு போடும் கூச்சலை எந்தப் பாட்டாலும் மறைக்க முடியாது. நீண்ட, நிதானமான ஓட்டமே பாட்டுக்கு ஏற்ற இடம்.

சரி, பாட்டு கேட்டதால் ஒரு வெற்றியே பறிபோனது தெரியுமா? 2009, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மாரத்தான். பெண்களில் முதலில் வந்தவர், தண்ணீர் தரும் இடமல்லாத இடத்தில் தோழியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததற்காக நீக்கப்பட்டார். வெற்றி அடுத்து வந்தவருக்குப் போனது. அவர் வழியில் ஐபாடில் பாட்டுக் கேட்டது தெரியவர, அவரும் நீக்கம்! கடைசியில் மூன்றாவதாக வந்தவர் வென்றார். உலகத் தடகள விதிகளின்படி போட்டியில் ஓடுபவர் பாட்டுக் கேட்கும் கருவி எதையும் வைத்திருக்கக் கூடாது. இதற்கு நேர்மாறாக, 1998-ல் சான் டியேகோவில் தொடங்கிய 'ராக் அண்ட் ரோல்' மாரத்தானில் பாதை நெடுகிலும் மேடை போட்டு பேண்டுகளை வாசிக்க வைத்தார்கள். பாட்டு சாலையில் இருந்தால் குற்றமில்லை, காதில் இருந்தால் குற்றம்!

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. பாட்டைக் கேட்பதைவிட, பாட்டை உண்டாக்கிக்கொண்டே உழைத்தால் களைப்பு இன்னும் குறைவாகத் தெரியும், தெரியுமா? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் உடற்பயிற்சிக் கருவிகளை இசையோடு இணைத்தார்கள். ஆள் இழுக்க இழுக்க இசை பிறக்கும். சும்மா கேட்டபடி பயிற்சி செய்ததைவிட, இப்படிச் செய்தபோது சிரமம் குறைவாகத் தோன்றியது. 2013-ல் வெளியான முடிவு இது. கிணற்றில் நீர் இறைக்கும்போது பாடிய நம் ஏற்றப்பாட்டு வேறென்ன! ஏற்ற மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதித்தவர்கள் பாடிக்கொண்டே சால் கணக்கையும் பாட்டுக்குள்ளேயே வைத்தார்கள்.

காவடிச் சிந்து எப்படிப் பிறந்தது தெரியுமா? ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துக் கால்நடையாகப் போனபோது, உடன் சென்ற சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் வழிநடையில் பாடியது என்பார்கள். நெடுந்தூரம் நடப்பவர்களுக்காக, நடந்துகொண்டே, நடையின் சந்தத்தில்! 1891-ல் இளம் வயதிலேயே மறைந்த அந்தக் கவிஞரை, நெடுந்தூர நடைக்குப் பாட்டுக் கட்டியவர் என்று நெஞ்சார வணங்கத் தோன்றுகிறது.

நடந்தபடி மட்டுமல்ல, ஓடியபடியே பாடுகிறவர்களும் உண்டு! தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் 1921-ல் தொடங்கியது, தூரம் ஏறத்தாழ 90 கி.மீ. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஒரு வருடம் ஏற்றமாகவும் மறு வருடம் இறக்கமாகவும் ஓடுவார்கள். விடியுமுன் தொடக்கக் கோட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து 'ஷோஷோலோஸா' பாடுவார்கள். சுரங்கத் தொழிலாளிகள் பாடிய பாட்டு அது. ஓட்டத்தின் நடுவிலும் பாட்டு ஓயாது. 12 மணி நேரக் கெடுவுக்குள் முடிக்க நினைப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓடும் கூட்டத்துக்கு அங்கே 'பஸ்' என்றே பெயர், அதை நடத்துபவர் 'டிரைவர்'. டிரைவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், பின்னால் வரும் அத்தனை பேரும் அந்த வரியை வாங்கிப் பாடிக்கொண்டே மலையேறுவார்கள்!